மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா? அப்பா சம்மதிக்கிறார் இல்லை

பட்டிருப்பு_மகள் (களுவாஞ்சிகுடி)
திங்கள், இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டில் இப்போது மூன்று தலைமுறைக்கும் பல்லுப் பிரச்சினை. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. மேல் கொடுப்புப் பல்லில் மூன்று கிழமையாகக் கொதி. இடையில் ஒருநாள் கன்னம் வீங்கியது. பாமசியில் சொல்லி வாங்கிய குளிசையில் வற்றிவிட்டது. வற்றியதும் மீதிக் குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டார், அடுத்த முறைக்கு உதவுமாம். பல் வைத்தியரிடம் போவோம் என்றால், "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு இழுத்துவிடும், நம்முடைய ஒழுங்கையிலேயே ஒருவருக்குப் பார்வை போனது" என்கிறார்.

மகனுக்கு ஐந்தரை வயது. கீழ்ப் பக்கம் இரண்டு கொடுப்புப் பல் சூத்தை. சோறு போய் அடைகிறது, இரவில் எழும்பி அழுகிறான். "விழுகிற பல்லுத்தானே, அதற்கு ஏன் ஆஸ்பத்திரி" என்று அம்மா கேட்கிறார்.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பல் துலக்கும்போது முரசால் இரத்தம் வருகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகத்தான் செய்யும், வயிற்றில் பிள்ளையோடு பல்லில் கை வைக்கக் கூடாது என்பதும் அம்மாதான். என் கணவர் கட்டாரில். வீட்டில் முடிவெடுக்க நான் ஒருத்திதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லக்கா (அக்கரைப்பற்று)
திங்கள், இரவு 10.25

தங்கச்சி, நான் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக 19 வருடம் வேலை செய்கிறேன். மகரகமையில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கண் கதையைக் கேட்காத மாதம் இல்லை. முதலில் அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன், அவருக்குத்தான் அவசரம்.

கண் பார்க்கிற நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணின் பின்பக்கத்தால் நேரே மூளைக்குப் போகிறது. பல்லுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு முகத்தில் மூன்று கிளையாகப் பிரிகிறது: ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கும், ஒன்று மேல்தாடைக்கு, ஒன்று கீழ்த்தாடைக்கு. பல்லுக் கொதித்தால் கண்ணும் தலையும் சேர்ந்து வலிப்பது போல இருப்பது அதனால்தான். பல்லோடு கூடப் பிடுங்கப்படுவது அந்தப் பல்லுக்குள் இருக்கும் நுனி மட்டும். பார்வை நரம்பு அந்தப் பக்கமே இல்லை.

உங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குப் பார்வை போனது உண்மையாகவே இருக்கலாம். அறுபது வயதில் பல்லும் ஆடும், கண்ணில் வெண்படலமும் படரும், சீனி வருத்தமும் கண்ணைத் தாக்கும். பல் பிடுங்கிய நாளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். கண் எப்போது மங்கத் தொடங்கியது என்று எவருக்கும் நினைவிருக்காது. மேல் பக்கம் ஊசி போட்டபின் சில மணிநேரம் கண் மங்கலாகவோ இரண்டாகவோ தெரிவது மிக மிக அரிதாக நடக்கும். மருந்து இறங்க அது தானாகச் சரியாகிவிடும்.

ஆனால் மேல் பல்லின் சீழை விட்டுவைத்தால் அது கன்னத்துக்கும் கண்ணைச் சுற்றியும் ஏறலாம். கண்ணுக்குப் பயந்து பல்லை விட்டுவைக்கிறார், கண்ணுக்கு ஆபத்து அந்தப் பல்லில்தான் இருக்கிறது. குளிசை வீக்கத்தை வற்றவைக்கும், பல்லுக்குள் இருக்கும் அழுகலை எடுக்காது. அதுவும் பாதியில் நிறுத்தியிருக்கிறார், வீக்கம் திரும்பி வரும்.

அவருக்குச் சீனி, பிரஷர் இருக்கிறதா? அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாத குளிசை எடுக்கிறாரா? வெற்றிலை போடுவாரா? இதைச் சொல்லுங்கள்.

நாவலடி_மாமா (மட்டக்களப்பு)
செவ்வாய், காலை 6.10

எனக்கு வயது 67. எங்கள் மூத்தப்பா எண்பத்துநாலு வயதில் கண்ணை மூடும்வரை கச்சான் கடித்துச் சாப்பிட்டவர். வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு, இவ்வளவுதான். பற்பசையைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது விதவிதமான பற்பசை வந்தபிறகுதான் வீட்டுக்கு வீடு சூத்தைப் பல். பல் வைத்தியர் ஊத்தை எடுத்தால் பல் ஆடத் தொடங்கும், இடைவெளி விழும். என் மனைவிக்கு அப்படித்தான் ஆனது. பிள்ளையைப் பயப்படுத்தாமல் பழைய முறையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

காத்தான்குடி_சேர்
செவ்வாய், காலை 7.30

நாவலடி மாமா, உங்கள் மூத்தப்பாவை நான் மறுக்கவில்லை. என் மூத்தவாப்பாவும் அப்படித்தான் இருந்தார். ஆனால் அவர்கள் காலத்தில் சீனி கூப்பனுக்கு. காலையில் ஒரு பிளேன்ரீ, அதுவும் ஒரு துண்டுச் சர்க்கரையைக் கடித்துக்கொண்டு. பிஸ்கட் பெருநாளைக்கு. என் வகுப்புப் பிள்ளைகள் இன்று காலையில் சீனித் தேத்தண்ணி, இடைவேளையில் கிரீம் பிஸ்கட், பள்ளி விட்டதும் ஐஸ் பக்கெற், ரியூஷனுக்குப் போகிற வழியில் சோடா. அந்த வாய்க்கு வேப்பங்குச்சி மட்டும் காணாது.

நான் தினமும் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குகிறவன், அது சுன்னத்து, நபிவழி, விடமாட்டேன். நோன்பு முப்பது நாளும் என் சட்டைப்பையில் இருக்கும். அதோடு இரவு படுக்கமுன் புளோரைட் பற்பசையால் பிரஷ்ஷும் செய்கிறேன். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குச்சி முன்பல்லுக்கு நன்றாகப் போகும், பின் கொடுப்பின் உட்பக்கத்துக்கு எட்டுவது கஷ்டம்.

பல்லக்கா
செவ்வாய், காலை 11.15

சேர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தரம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். வாய்க்குள் இனிப்பு போகும் ஒவ்வொரு தரமும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணிநேரம் அளவில் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் தேத்தண்ணி குடிக்கிறவரின் பல்லுக்கு ஓய்வே இல்லை. சோற்றுக்குப் பிறகு தயிரும் சர்க்கரையும் ஒரேயடியாகச் சாப்பிட்டு முடிக்கிற பிள்ளையைவிட, நாள் முழுக்க ரொபி உமிகிற பிள்ளைக்குத்தான் சூத்தை வரும்.

மாமா, உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லை வெள்ளையாக்குவது தேய்த்து எடுப்பதால். மேற்பூச்சு தேய்ந்தால் திரும்ப வளராது, பிறகு குளிர் தண்ணி குடிக்கவே கூசும். ஊத்தை எடுத்தால் பல் ஆடுகிறது என்பதும் எல்லோரும் சொல்கிற கதைதான். கல்லாகிப்போன ஊத்தை முரசைத் தின்று, எலும்பை இறக்கி, பல்லுக்கு இடையில் சீமெந்து மாதிரி நிற்கிறது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரிகிறது, ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. மாமிக்கு ஐந்து வருடம் முன்பே எடுத்திருந்தால் ஆடியிருக்காது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் உள்ளது இதுதான்.

வாழைச்சேனை_சாந்தி
செவ்வாய், பகல் 1.50

தங்கச்சி, நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். என் மூத்தவனுக்கு ஏழு வயதில் பல்லுப் பூச்சி என்று ஒருவரிடம் புகை பிடிக்கக் கூட்டிப்போனேன். கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு, குழாயால் வாய்க்குள் புகை. தண்ணிச் சட்டியில் வெள்ளையாகப் பூச்சி விழுந்ததை என் கண்ணாலேயே கண்டேன். நம்பினேன். மூன்றாம் நாள் தாடைக்குக் கீழ் கல்லுப்போல வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தோம். அங்கே ஒரு டொக்டர்தான் விளங்கப்படுத்தினார்: பல்லுக்குள் புழு கிடையாது, சூட்டில் விதை வெடித்து வெளியே வருகிற முளைதான் அந்த வெள்ளை. அழுதேன்.

தாடைக்குக் கீழ் வீங்கினாலோ, விழுங்க, மூச்சுவிட முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று பார்க்காதீர்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் பல்லுக் கொதிக்கென்று பிரூபனோ அஸ்பிரினோ கொடுக்க வேண்டாம். நம் பக்கம் டெங்கு எப்போதும் இருக்கிறது, அந்தக் காய்ச்சலுக்கு இவை ஆபத்து.

பட்டிருப்பு_மகள்
செவ்வாய், இரவு 8.05

சாந்தி அக்கா, வாசித்து நெஞ்சு அடைத்துவிட்டது. மகன் இப்போது எப்படி?

பல்லக்கா, அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சீனி. அஸ்பிரின் தினமும் ஒன்று போடுகிறார். வெற்றிலை இருபது வயதிலிருந்தே. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் போடுவார். புகையிலை சேர்ப்பதில்லை, அதனால் பாதகம் இல்லை என்கிறார். மகனுக்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். இரவில் பால் போத்தலோடுதான் மூன்றரை வயது வரை படுத்தான். பிழை என் பேரில்தான்.

வாழைச்சேனை_சாந்தி
செவ்வாய், இரவு 8.20

நல்லாயிருக்கிறான் மகள், இப்போது ஏ.எல். படிக்கிறான்.

பல்லக்கா
செவ்வாய், இரவு 9.45

தங்கச்சி, போத்தலோடு படுக்கவைக்காத தாயை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. இனிச் செய்வதைப் பார்ப்போம்.

பாற்பல் இருபதும் ஒரே நேரம் விழுவதில்லை. முன்பல் ஆறு ஏழு வயதில் விழும். கொடுப்புப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்கவேண்டியவை. உங்கள் மகன் அந்தப் பல்லால் இன்னும் ஐந்தாறு வருடம் மெல்ல வேண்டும். அதை இப்போதே இழந்தால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தைப் பிடித்துவிடும், கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். சூத்தையின் சீழ் வேர்வழியே இறங்கி அந்தப் புதுப் பல்லையும் கெடுக்கும். பல்லை அணிலுக்குக் கூரையில் எறிந்து புதுப் பல் கேட்கிற பிள்ளைக்குக் கீழே இடமாவது இருக்கவேண்டாமா!

இன்னொன்று, இதை எந்தத் தாயிடமும் சொல்லாமல் விடமாட்டேன். ஆறு வயதளவில் பாற்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கொடுப்புப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். என்னிடம் ஒன்பது வயதில் வருகிற பிள்ளைகளில் அந்தப் பல்தான் குடைந்துபோய் இருக்கும். உங்கள் மகனுக்கு அது வருகிற வயது இதுதான், டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் பார்க்கிறோம், காசு இல்லை. பக்கத்தில் எது என்று பாடசாலையில் கேட்டால் சொல்வார்கள். பற்பசைக் குழாயில் 1000 பிபிஎம் அல்லது அதற்குக் கூட என்று புளோரைட் அளவு போட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் ஒரு அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயது வரை பட்டாணிக் கடலை அளவு போதும். துப்பச் சொல்லுங்கள், தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், மருந்து பல்லில் நிற்கட்டும். ஏழெட்டு வயது வரை இரவில் நீங்களே துலக்கிவிட வேண்டும். சேர்ட் பொத்தானை ஒழுங்காகப் பூட்டத் தெரியாத கைக்கு ஒழுங்காகப் பல் துலக்கவும் தெரியாது.

உங்களுக்கு: கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் முரசு வீங்கும், இரத்தம் வரும். இரத்தம் வருகிறதென்று துலக்காமல் விட்டால்தான் கூடும். மெல்லிய பிரஷ்ஷால் முரசோரம் துலக்குங்கள். பிள்ளை உங்கள் பல்லிலிருந்து கல்சியம் எடுப்பதில்லை. நீங்கள் சாப்பிடுவதில் எடுக்கும், காணாவிட்டால் எலும்பில் எடுக்கும். வாந்தி எடுத்த உடனே துலக்காமல் வெறும் தண்ணியால் கொப்பளித்து அரை மணி பொறுங்கள். பல் வைத்தியத்துக்கு நாலு, ஐந்து, ஆறாம் மாதம்தான் தோதான காலம். கர்ப்பிணித் தாய்மாரைப் பல் கிளினிக்குக்கு அனுப்பிப் பார்ப்பது கிளினிக் ஒழுங்கிலேயே இருக்கிறது, உங்கள் மிட்வைபிடம் கேளுங்கள்.

இனி அப்பா. அஸ்பிரினைத் தானாக நிறுத்த விடாதீர்கள். என்ன குளிசை எடுக்கிறார் என்று பல் வைத்தியரிடம் காட்டினால் போதும். சீனிக்காரர் பல் பிடுங்கக் கூடாது என்பதும் சரியில்லை. சீனி கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். முரசு வருத்தம் இருந்தால் சீனி இறங்காது, சீனி கூடினால் முரசு ஆறாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவிடம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.

மத்திய_முகாம்_தம்பி (அம்பாறை)
புதன், காலை 5.50

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பல் சின்ன வயதிலிருந்தே மண்ணிறப் புள்ளியும் கோடுமாக இருக்கும். பள்ளியில் "பல் துலக்காதவன்" என்று பேர். அம்மா என்னை அடித்தே துலக்கவைத்தார், போகவில்லை. நான் பிறந்து வளர்ந்தது உள்பக்கம், கிணற்றுத் தண்ணி. பெரியவனான பிறகுதான் அது தண்ணியில் கூடிய புளோரைட் என்று தெரிந்தது. அப்படியானால் புளோரைட் பற்பசை நல்லதா கெட்டதா, அக்கா?

பல்லக்கா
புதன், காலை 7.00

நல்ல கேள்வி தம்பி. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் இது பரவலாக உண்டு, அம்பாறையின் உள்பகுதிகளிலும் இடத்துக்கிடம் உண்டு. தாடைக்குள் பல் உருவாகிற வயதில், எட்டு வயது வரைக்கும், கூடிய புளோரைட் தண்ணி குடித்தால் அந்த நிறம் வரும். உங்கள் அம்மாவுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது, அடி வாங்கியது நீங்கள். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், புளோரைட் போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிணற்றுத் தண்ணியை நீர் வழங்கல் சபையில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு பற்பசை இதைச் செய்யாது, வயிற்றுக்குள் போகிற தண்ணிதான் காரணம்.

பட்டிருப்பு_மகள்
புதன், மாலை 6.30

அக்கா, இரண்டு விரல்தான் போகிறது. மூன்றாவதை வைக்கப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்கிறார். அம்மா இப்போது சொல்கிறார், ஒன்றரை வருடமாகக் கறி எரிகிறதென்று அப்பாவுக்குத் தூள் குறைத்துத்தான் வைக்கிறாராம். வயிற்றுப்புண் என்று நினைத்தார்களாம். இது என்ன அக்கா?

பல்லக்கா
புதன், மாலை 7.10

தங்கச்சி, பயப்படாமல் வாசியுங்கள். ஆனால் பல்லுக்காக நாள் கடத்தியது போல இதற்குக் கடத்தக் கூடாது.

பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்தோல் நார்நாராக இறுகிப்போகும். தோல் வெளிறும், உறைப்பு எரியும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். மெதுவாக நடப்பதால் ஆளுக்கே தெரியாது. இதைச் செய்வது பாக்கு. புகையிலை போடுவதில்லை என்ற நம்பிக்கைதான் நம் பக்கத்தில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் நாட்டு ஆண்களில் அதிகம் காணப்படுகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

இறுகிய எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் வரக்கூடிய நிலை அது. கன்னத்துக்குள், நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தடிப்பு ஏதும் இருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கவேண்டும். வலி இருக்காது. வலி இல்லை என்பதால்தான் ஆட்கள் பிந்துகிறார்கள். நாளைக்கே கூட்டிப் போங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. "பல் பிடுங்க" என்று மட்டும் சொல்லாமல் "வாய் திறக்க முடியவில்லை, உறைப்பு எரிகிறது" என்று சொல்லுங்கள்.

காத்தான்குடி_சேர்
புதன், இரவு 8.40

என் வாப்பாவுக்கு இதே எரிவுதான். உம்மா பழஞ்சோறும் தயிரும் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தில் கட்டி வந்துவிட்டது. தங்கச்சி, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என் வகுப்பில் பதினைந்து வயதுப் பையன்கள் பாக்குப் பக்கெற் கடிக்கிறார்கள். ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு இந்த மூன்று விரலை வைத்துப் பார்க்கப்போகிறேன்.

நாவலடி_மாமா
புதன், இரவு 10.15

பிள்ளை, நானும் வெற்றிலை போடுகிறவன். இதை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வைத்துப் பார்த்தேன். மூன்று விரலும் போகிறது. ஆனால் இடது கன்னத்துக்குள், நான் ஒதுக்குகிற பக்கம், வெள்ளையாக ஒன்று இருக்கிறது. இவ்வளவு நாளும் சுண்ணாம்பு பொத்தது என்று விட்டிருந்தேன். உன் அப்பாவைப் போகச் சொல். நானும் போகிறேன். நேற்றுக் காலையில் எழுதியது போல இனி எழுதமாட்டேன்.

பட்டிருப்பு_மகள்
பதினொரு நாள் கழித்து, ஞாயிறு, காலை 9.20

எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று இருந்தேன், இன்றுதான் நேரம் கிடைத்தது.

அப்பாவைக் கூட்டிப்போனேன். சீனி கூட இருந்ததால் முதல் நாள் பல்லில் கை வைக்கவில்லை. குளிசையை மாற்றி, சீனி இறங்கியபின் கடந்த செவ்வாய்க்கிழமை பிடுங்கினார்கள். அஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை, பஞ்சைக் கூடுதல் நேரம் கடிக்கவைத்தார்கள். மறுநாள் காலை முற்றத்தில் இருந்து பேப்பர் வாசித்தார். ஒரு கண்ணைப் பொத்தி வாசித்தார், மற்றக் கண்ணைப் பொத்தியும் வாசித்தார். ஒன்றும் பேசவில்லை.

கன்னத்துக்குள் ஒரு இடத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாக்கை முற்றாக நிறுத்தச் சொன்னார்கள், வாய் திறக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைக்கிறார், மகன் பக்கத்தில் இருந்து எண்ணுகிறான். மகனுக்கு ஒரு பல் அடைத்தாயிற்று, மற்றதற்கு அடுத்த கிழமை. டோர்ச் அடித்துப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பல்லின் முனை கீழே வலப்பக்கம் தெரிகிறது. எனக்கும் ஊத்தை எடுத்தார்கள், இரத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அம்மா வட்டாவையும் பாக்குவெட்டியையும் துடைத்துச் சாமியறை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆட்கள் வீட்டுக்கு வந்தால் என்ன நீட்டுவது என்று இன்னும் யோசிக்கிறார். அப்பாவுக்குச் சோறு தின்றதும் கை தானாக மடியைத் தடவுகிறது. அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கலாம்? இனிப்பும் கூடாது, உறைப்பும் எரியும்.

பல்லக்கா
ஞாயிறு, காலை 10.05

தங்கச்சி, கண்ணீரே வந்துவிட்டது. தோலுரித்த வெள்ளரிக்காய்த் துண்டு, அவித்த கச்சான், இளம் தேங்காய்ச் சொட்டு, இப்படி மெல்ல மெதுவான ஏதாவது கையில் கொடுங்கள். முதல் மூன்று கிழமை கஷ்டமாக இருக்கும், கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தால் மரியாதை குறையாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சோதனை முடிவு எப்போது?

நாவலடி மாமா, நீங்கள் போனீர்களா?

பட்டிருப்பு_மகள்
ஞாயிறு, காலை 10.20

வருகிற மாதம் 4ஆம் திகதி, அக்கா. அப்பாவே கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

நாவலடி_மாமா
ஞாயிறு, இரவு 7.45

போனேன். எனக்கும் 4ஆம் திகதிதான்.